நேட்டோ - ரஷ்யா இழுபறி: வாய்ப்பேச்சு, எழுத்து, கையெழுத்து... இதுல உங்க பணம் எங்க மாட்டுது?



2025 செப்டம்பர் 10-ஆம் தேதி காலையில் எல்லா நியூஸ் ஆப்பிலும் ஒரே தலைப்புதான். சுமார் 20 ரஷ்ய ட்ரோன்கள் போலந்து நாட்டு வான்வெளிக்குள்ள நுழைஞ்சிருச்சு, நேட்டோ விமானங்கள் அதுல சிலதைச் சுட்டு வீழ்த்தியிருக்கு. ஒன்பது நாள் கழிச்சு மூணு ரஷ்ய போர் விமானங்கள் எஸ்டோனியா எல்லைக்குள்ள சுமார் 12 நிமிஷம் பறந்தன. இந்த மாதிரி செய்தி வந்தாலே நம்ம சேனல்ல வர்ற முதல் கேள்வி: "மூணாவது உலகப் போர் வருமா? எஸ்.ஐ.பி.யை நிறுத்திடவா? தங்கம் வாங்கிடவா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனா பதில் சொல்லணும்னா முதல்ல இந்தச் சண்டை எதைப் பத்தினதுன்னு புரியணும். பலரும் இதை ராக்கெட், டாங்கி கணக்கா பார்க்கிறாங்க. உள்ள போய்ப் பார்த்தா இதுல பெரும்பகுதி வாக்குறுதி பத்தின சண்டை. யார் யாருக்கு என்ன சொன்னாங்க, அதை எழுதிக் கொடுத்தாங்களா, எழுதினதுல என்ன வார்த்தை போட்டாங்க, இதுதான் விஷயம்.

சம்பளக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். "அடுத்த அப்ரைசல்ல கண்டிப்பா பாத்துக்கலாம்" அப்படின்னு மேனேஜர் வாயால சொல்றது வேற, ஆஃபர் லெட்டர்ல எழுதியிருக்கிறது வேற. அந்த லெட்டர்லயே "நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்பட்டது"ன்னு ஒரு வரி இருந்தா அது இன்னும் வேற. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க. கதைக்குள்ள போகலாம்.

முதல்ல, நேட்டோ அப்படின்னா என்ன?

1949 ஏப்ரல் 4-ஆம் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்து போட்ட ஒப்பந்தம் இது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பிரான்ஸ் எல்லாம் அதுல இருந்தாங்க. அன்னைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது சோவியத் யூனியன். அவங்களும் 1955-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்து வார்சா ஒப்பந்தம்னு ஒரு அணி கட்டினாங்க. 1991-ல் வார்சா அணி கலைஞ்சது, அதே வருஷம் டிசம்பர்ல சோவியத் யூனியனே கலைஞ்சது. நேட்டோ மட்டும் கலையலை. இன்னைக்கு அதுல 32 நாடுகள்.

நேட்டோவோட உயிர்நாடி 5-வது பிரிவு. ஒரு உறுப்பு நாட்டைத் தாக்கினா எல்லாரையும் தாக்கின மாதிரி. கேட்க பயங்கரமா இருக்கு இல்லையா? ஆனா அதே பிரிவுல அடுத்து என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க. ஒவ்வொரு நாடும் "தான் அவசியம்னு கருதுற நடவடிக்கையை" எடுக்கும், அதுல ராணுவத்தைப் பயன்படுத்துறதும் அடங்கும். அதாவது, படை அனுப்பியே ஆகணும்னு கட்டாயம் எழுதலை. இன்னைக்கு வரைக்கும் இந்தப் பிரிவு ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டிருக்கு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம், அமெரிக்காவுக்காக.

வாக்குறுதி 1: வாயால சொன்னது (1990)

பெர்லின் சுவர் விழுந்த பிறகு இரண்டு ஜெர்மனியும் ஒண்ணு சேரணும். அதுக்கு சோவியத் சம்மதம் வேணும். 1990 பிப்ரவரி 9-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் மாஸ்கோவில் கோர்பச்சேவைச் சந்திச்சுப் பேசினார். நேட்டோ கிழக்கு நோக்கி ஒரு அங்குலம்கூட நகராதுங்கிற அர்த்தத்தில் அவர் பேசினது அந்தச் சந்திப்புக் குறிப்புகள்லேயே இருக்கு.

ஆனா அதே வருஷம் செப்டம்பர்ல கையெழுத்தான ஜெர்மனி ஒப்பந்தத்துல என்ன இருந்துச்சு? பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில வெளிநாட்டுப் படைகளை நிறுத்தக் கூடாதுங்கிறது இருந்துச்சு. போலந்து, ஹங்கேரி மாதிரி நாடுகள் பிற்காலத்துல நேட்டோவில் சேரலாமா கூடாதாங்கிறது பத்தி ஒரு வரியும் இல்ல.

1999-ல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு நேட்டோவில் சேர்ந்தாங்க. 2004-ல் இன்னும் ஏழு நாடுகள். அதுல எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூணும் ஒரு காலத்துல சோவியத்துக்குள்ளயே இருந்தவை. "சொன்ன வார்த்தையை மீறிட்டீங்க"ன்னு ரஷ்யா சொல்லுது. "எழுதிக் கொடுத்தோமா? அந்த நாடுகளே விரும்பித்தானே வந்து சேர்ந்தாங்க"ன்னு நேட்டோ சொல்லுது. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, அந்த வாதம் இன்னும் முடியலை.

வாக்குறுதி 2: எழுதினது, ஆனா பல் இல்லாதது (1994)

சோவியத் உடைஞ்சப்போ உக்ரைன் மண்ணுல உலகத்திலேயே மூணாவது பெரிய அணு ஆயுதக் குவியல் இருந்துச்சு. அதை இயக்குற கட்டுப்பாடு மாஸ்கோ கையில இருந்தாலும் ஆயுதம் இருந்தது உக்ரைன்ல. அதை விட்டுக்கொடுக்க உக்ரைன் சம்மதிச்சது. பதிலுக்கு 1994 டிசம்பர் 5-ஆம் தேதி புடாபெஸ்ட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூணு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு ஆவணம் கொடுத்தாங்க. உக்ரைனோட எல்லையை மதிப்போம், அதுக்கு எதிரா பலத்தைப் பயன்படுத்த மாட்டோம்னு.

இங்கதான் வார்த்தையைக் கவனிக்கணும். உக்ரைன் எதிர்பார்த்தது "உத்தரவாதம்". கிடைச்சது "உறுதிமொழி". இரண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். உத்தரவாதம்னா யாராவது மீறினா நாங்க வந்து நிப்போம்னு அர்த்தம். உறுதிமொழின்னா நாங்க மீற மாட்டோம்னு மட்டும் அர்த்தம். மீறினா என்ன? கலந்து பேசுவோம். அவ்வளவுதான்.

2014-ல் ரஷ்யா கிரிமியாவை இணைச்சுக்கிட்டப்போ அந்தக் காகிதத்தோட பலம் எவ்வளவுன்னு உலகத்துக்கே தெரிஞ்சது. இன்சூரன்ஸ் பாலிசியில "கேரண்டீட்" அப்படிங்கிற வார்த்தை எந்தத் தொகைக்குப் பக்கத்துல இருக்கு, எதுக்குப் பக்கத்துல இல்லன்னு பாருங்கன்னு நான் அடிக்கடி சொல்றேனே, அதே கதைதான் இங்க ஒரு நாட்டுக்கே நடந்தது.

வாக்குறுதி 3: தேதி போடாதது (2008)

2008 ஏப்ரல்ல ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் நேட்டோ மாநாடு. உக்ரைனையும் ஜார்ஜியாவையும் உறுப்பினராக்குற வேலையை உடனே ஆரம்பிக்கணும்னு அமெரிக்க அதிபர் புஷ் விரும்பினார். ஜெர்மனியும் பிரான்ஸும் வேணாம்னாங்க. கடைசியா ஒரு சமரசம். "இந்த இரண்டு நாடுகளும் நேட்டோ உறுப்பினர்கள் ஆவார்கள்"னு அறிக்கையில எழுதினாங்க. எப்போ? அது இல்ல. எப்படி? அதுவும் தெளிவா இல்ல.

இதோட விளைவைப் பாருங்க. ரஷ்யாவுக்குக் கோபம் வந்துருச்சு. ஆனா உக்ரைனுக்கோ ஜார்ஜியாவுக்கோ 5-வது பிரிவோட பாதுகாப்பு கிடைக்கலை. எதிரியைச் சீண்டவும் செஞ்சாச்சு, நண்பனுக்குக் கவசமும் கொடுக்கலை. நாலே மாசத்துல, 2008 ஆகஸ்ட்ல, ரஷ்யா - ஜார்ஜியா போர் நடந்தது.

2021 டிசம்பர்ல ரஷ்யா இரண்டு ஒப்பந்த வரைவுகளை வெளியிட்டது. இனிமேல் யாரையும் சேர்க்கக் கூடாது, 1997 மே மாசத்துக்கு அப்புறம் கிழக்கு ஐரோப்பாவுக்குக் கொண்டு போன படைகளைத் திரும்ப எடுக்கணும், இதெல்லாம் இந்த முறை எழுத்துல வேணும்னு கேட்டாங்க. வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்தோம்னு சொல்றவங்க கையெழுத்து கேட்கிறது இயல்புதான். ஆனா அதே ரஷ்யாதான் 1994-ல் போட்ட தன்னோட கையெழுத்தை மீறியிருந்தது. யார் சேரணும்கிறதை மூணாவது ஆள் முடிவு பண்ண முடியாதுன்னு நேட்டோ மறுத்துடுச்சு. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள்ள நுழைஞ்சது.

நேட்டோ விரியக் கூடாதுன்னு ஆரம்பிச்ச போரால நேட்டோ இன்னும் விரிஞ்சது. பல பத்தாண்டுகளா எந்த அணியிலயும் சேராம இருந்த ஃபின்லாந்து 2023 ஏப்ரல்லயும், ஸ்வீடன் 2024 மார்ச்லயும் உள்ள வந்துட்டாங்க. ரஷ்யா - ஃபின்லாந்து எல்லை மட்டும் சுமார் 1,340 கிலோமீட்டர். "உத்தரவாதம் உள்ள காகிதம் எது, இல்லாத காகிதம் எது"ன்னு உக்ரைனைப் பார்த்து அவங்க கத்துக்கிட்டாங்க.

சரி, இது உங்க பர்ஸுக்கு எப்படி வருது?

"எங்கேயோ ஐரோப்பாவுல சண்டை, நமக்கென்ன?"ன்னு நினைக்க வேணாம். 2022-ல் இது நம்ம வீட்டுக்கு வந்த வழிகள் இவைதான்.

1. கச்சா எண்ணெய். போர் ஆரம்பிச்ச அன்னைக்கே பிரென்ட் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டுச்சு. மார்ச் முதல் பாதியில 139 டாலர் வரைக்கும் தொட்டது. சென்னையில சுமார் 101 ரூபாய்க்கு வித்த பெட்ரோல், ஏப்ரல் முதல் வாரத்துல 110 ரூபாயைத் தாண்டிடுச்சு. மே மாசம் மத்திய அரசு கலால் வரியைக் குறைச்ச பிறகுதான் சுமார் 102-க்கு இறங்குச்சு.

2. ரூபாய் மதிப்பு. 75 ரூபாய்க்குப் பக்கத்துல இருந்த டாலர், ஜூலையில 80-ஐத் தொட்டு அக்டோபர்ல 83 பக்கம் போச்சு. மொபைல், லேப்டாப், வெளிநாட்டுப் படிப்பு எல்லாத்துக்கும் செலவு ஏறுச்சு.

3. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. இதைத்தான் பலரும் கவனிக்கலை. ஏற்கெனவே ஏறிக்கிட்டிருந்த விலைவாசியை எண்ணெய் விலை இன்னும் தள்ளிவிட்டுச்சு. 4 சதவீதமா இருந்த ரெப்போ ரேட்டை ரிசர்வ் வங்கி 2022 மே மாசம் ஏத்த ஆரம்பிச்சு, 2023 பிப்ரவரிக்குள்ள 6.50 சதவீதத்துக்குக் கொண்டு போச்சு. 30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டின்னு வெச்சுக்குவோம். இ.எம்.ஐ. சுமார் 23,260 ரூபாய். அதுவே 9.5 சதவீதம் ஆனா சுமார் 27,960. மாசம் 4,700 ரூபாய் கூடுது. போர் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, கோவிட்டுக்குப் பிந்தைய விலையேற்றமும் உண்டு. ஆனா போரும் ஒரு பெரிய காரணம்.

4. வேலை. போருக்கு முன்னாடி இந்தியா வாங்குற கச்சா எண்ணெயில ரஷ்யாவோட பங்கு 2 சதவீதம்கூட இல்ல. மேற்கு நாடுகள் ஒதுங்கினதால ரஷ்யா விலையைக் குறைச்சுக் கொடுத்தது, இந்தப் பங்கு மூணுல ஒரு பங்குக்கும் மேல போச்சு. அதுக்காக 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல கூடுதலா 25 சதவீத வரி போட்டது. ஏற்கெனவே இருந்ததோட சேர்த்து 50 சதவீதம். பல மாசம் நீடிச்ச இந்த வரியோட அடி எங்க விழுந்துச்சு? அமெரிக்காவை முக்கியமான சந்தையா வெச்சிருக்கிற திருப்பூர்ல. பின்னலாடைக் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிற ஒருத்தரோட ஓவர்டைமுக்கும் உக்ரைன் போருக்கும் நேர்கோட்டுல சம்பந்தம் வந்துருச்சு.

பூட்டி வெச்ச 300 பில்லியன் டாலர்

இன்னொரு விஷயம் இருக்கு, இது தங்கம் வாங்குறவங்களுக்கு முக்கியம். ஒவ்வொரு நாட்டு மத்திய வங்கியும் அந்நியச் செலாவணியைக் கையிருப்பா வெச்சிருக்கும். பெரும்பாலும் அது வேற நாடுகளோட அரசுக் கடன் பத்திரங்கள்ல இருக்கும். ரஷ்யாவும் அப்படித்தான் வெச்சிருந்தது. போர் ஆரம்பிச்ச சில நாள்லயே மேற்கு நாடுகள் அதுல சுமார் 300 பில்லியன் டாலரை முடக்கிட்டாங்க. பெரும்பகுதி பெல்ஜியத்துல இருக்கிற யூரோக்ளியர் நிறுவனத்துல மாட்டிக்கிச்சு.

பத்திரத்தைக் கொடுத்தா பணம் வரும்கிறதும் ஒரு வாக்குறுதிதானே? அந்த வாக்குறுதி சண்டை வந்தா நிறுத்தி வைக்கப்படும்னு எல்லா நாடுகளுக்கும் புரிஞ்சது. 2022, 2023, 2024 மூணு வருஷமும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல தங்கம் வாங்கினாங்க. நம்ம ரிசர்வ் வங்கியோட தங்கம் 2022 மார்ச்சுல சுமார் 760 டன், 2025 மார்ச்சுல சுமார் 880 டன். வெளிநாட்டுப் பெட்டகத்துல இருந்ததுல ஒரு பகுதியை இந்தியாவுக்கே கொண்டு வந்தும் சேர்த்தாங்க. தங்கம் விலை ஏறினதுக்குக் காரணங்கள் பல. அதுல இதுவும் ஒண்ணு.

தலைப்புச் செய்தியை எப்படிப் படிக்கணும்?

போலந்து விஷயத்துக்கே திரும்ப வருவோம். ட்ரோன்கள் வந்ததும் போலந்து கேட்டது 4-வது பிரிவை. எஸ்டோனியாவும் அதைத்தான் கேட்டது. 4-வது பிரிவுன்னா "எங்களுக்கு ஆபத்து வந்திருக்கு, எல்லாரும் உக்காந்து பேசலாம்"ங்கிறது. பேச்சுவார்த்தை மட்டும்தான். டிவியில "நேட்டோ அவசரக் கூட்டம்"னு சிவப்பு எழுத்து ஓடும்போது முதல்ல பார்க்க வேண்டியது அது 4-ஆ, 5-ஆங்கிறதைத்தான்.

ட்ரோன் செய்தி ஒரு வாரத்துல மறைஞ்சிரும். நிலைக்கிற மாற்றம் வேற இடத்துல இருக்கு. 2025 ஜூன்ல ஹேக் நகரத்துல நேட்டோ நாடுகள் ஒரு முடிவு எடுத்தாங்க. 2035-க்குள்ள ஒவ்வொரு நாடும் தன்னோட ஜி.டி.பி.யில 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவு பண்ணணும். அதுல 3.5 சதவீதம் நேரடி ராணுவச் செலவு, மீதி 1.5 சதவீதம் அது சார்ந்த கட்டமைப்புக்கு. 2014-ல் வெச்ச இலக்கு 2 சதவீதம்தான். அதாவது இந்த இழுபறி சீக்கிரம் முடியும்னு அவங்களே நம்பலை. பத்து வருஷத்துக்குத் திட்டம் போடுறாங்க. நம்மளும் அப்படித்தான் யோசிக்கணும்.

பயத்துல வித்தவங்களுக்கு என்ன ஆச்சு?

2022 பிப்ரவரி 24 அன்னைக்கு ஒரே நாள்ல சென்செக்ஸ் 2,702 புள்ளி விழுந்து 54,530 பக்கம் முடிஞ்சது. அடுத்த நாளே 1,300 புள்ளிக்கு மேல ஏறுச்சு. அதுக்காக "உடனே சரியாயிடும்"னு சொல்லலை. ஜூன் மாசம் 51,400-க்கும் கீழே போச்சு. நாலு மாசம் வயித்துல புளியைக் கரைச்சது. ஆனா அந்த வருஷக் கடைசியில சென்செக்ஸ் 60,840. போர் ஆரம்பிச்ச நாள் முடிவுல இருந்து சுமார் 11.5 சதவீதம் மேல.

அதே சமயம் எதிர் உதாரணமும் இருக்கு. ரஷ்யப் பங்குகள்ல மட்டும் பணம் போட்ட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் காத்திருந்தும் பலன் இல்ல. மாஸ்கோ பங்குச் சந்தை கிட்டத்தட்ட ஒரு மாசம் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் வெளிநாட்டுக்காரங்களால விக்க முடியலை. 2022 மார்ச்லயே எம்.எஸ்.சி.ஐ. தன்னோட குறியீட்டுல இருந்து ரஷ்யப் பங்குகளை ஏறக்குறைய பூஜ்ய விலையில நீக்கிடுச்சு. பொறுமையா இருந்தா எல்லாம் திரும்ப வரும்கிறது பரவலா முதலீடு பண்ணினவங்களுக்குத்தான். ஒரே இடத்துல மொத்தத்தையும் வெச்சவங்களுக்கு அது பொருந்தாது.

அப்போ நாம என்ன செய்யலாம்?

1. எஸ்.ஐ.பி.யைத் தலைப்புச் செய்தியோட கோக்காதீங்க. ஏழெட்டு வருஷத்துக்கு மேல இலக்கு வெச்சிருந்தா அது ஓடட்டும். மூணு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணம், கல்யாணமோ வீட்டு முன்பணமோ, பங்குச் சந்தையில இருக்கவே கூடாது. போர் வந்தாலும் வராட்டியும்.

2. எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசச் செலவுக்கு. நீங்க ஏற்றுமதி சார்ந்த கம்பெனியிலயோ, வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பின ஐ.டி. கம்பெனியிலயோ இருந்தா ஒன்பது மாசம் வெச்சுக்கிறது நல்லது.

3. கடன் வாங்கும்போது வட்டி 2 சதவீதம் கூடினா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க. அந்த இ.எம்.ஐ.யையும் கட்ட முடியும்னாதான் அந்தக் கடன் உங்களுக்குச் சரியான அளவு.

4. தங்கம் ஒரு பங்கு, மொத்தமும் இல்ல. 10 சதவீதம் வரைக்கும் போதும்கிறது என் கருத்து. செய்தி பார்த்துட்டு ஓடிப் போய் வாங்க வேணாம், கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க.

5. கடைசியா, வார்த்தையைப் படிங்க. ஆஃபர் லெட்டர்ல, பாலிசியில, கடன் ஒப்பந்தத்துல. வாயால சொன்னதா, எழுதினதா? எழுதினதுல "உத்தரவாதம்" இருக்கா, "எதிர்பார்க்கப்படுகிறது" இருக்கா? தேதி போட்டிருக்கா? மீறினா யார், என்ன செய்வாங்கன்னு இருக்கா?

நாலு வரி வார்த்தையைச் சரியா எழுதாம விட்டதுக்கு ஐரோப்பா என்ன விலை கொடுத்துக்கிட்டிருக்குன்னு பார்த்தோம். அந்த விலையில ஒரு சின்னப் பங்கு உங்க பெட்ரோல் பில்லுலயும் இ.எம்.ஐ.யிலயும் வந்து சேர்ந்திருக்கு. நாடுகளோட ஒப்பந்தத்தை நாம திருத்த முடியாது. நம்ம கையெழுத்துப் போடுற காகிதத்தை முழுசா படிக்கலாம், அது நம்ம கையிலதான் இருக்கு.

இ.எம்.ஐ. கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு இந்த வார வீடியோவுல காட்டியிருக்கேன், பார்த்துட்டு உங்க கடனுக்குப் போட்டுப் பாருங்க. 2022-ல் உங்க இ.எம்.ஐ. எவ்வளவு ஏறுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.

(இந்தப் பதிவு புரிதலுக்காக மட்டும்தான். முதலீட்டு முடிவு எடுக்கும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்து பேசுங்கள்.)